கோபே சீட்டித் துணி

கிள்ளான்
16 ஜூலை 1933

என் அன்புத் தம்பி இராமலிங்கத்துக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நீ அனுப்பின துணிப் பொதிகள் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிப் போன வாரம் லோரியில் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றுகூட நனையவில்லை. பொதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவன், உன் இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுதக் கூடாதா? ஜப்பான் போனதிலிருந்து உனக்கு அக்காள் என்றால் கிள்ளான் கிளை மானேஜர் என்று நினைப்பு.

கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துச் சனங்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின அந்த வருஷம் உன் அத்தானும் கண்ணை மூடினார். கடையை மூடிவிட்டு யார் வீட்டிலாவது தையல் வேலைக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன். நீதான், "மான்செஸ்டர் துணி வாங்க இனி யார் கையிலும் காசு கிடையாது அக்கா, ஜப்பான் துணியைக் கொண்டுவருவோம்" என்று சொல்லி, நல்ல குமாஸ்தா உத்தியோகத்தை விட்டுக் கப்பல் ஏறினாய். இன்றைக்கு இந்தக் கடை திறந்திருப்பது அதனால்தான்.

இந்தத் தடவை வந்த சிவப்புப் பூச் சீட்டி இரண்டே நாளில் முடிந்தது. காப்பார் ரோட்டுத் தோட்டத்திலிருந்து மாரியாயி வந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற கை, துணியைத் தொடுவதற்கு முன்னால் சேலையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். "இது என்னாக்கா, நெசப் பூ மாதிரியே இருக்கு? மோந்து பாக்கவா?" என்றாள். பக்கத்துக் காப்பிக் கடை முதலாளி ஆ லியோங் தவுக்கேகூட, சீனத்தில் அமோயில் இருக்கும் தன் தாயாருக்கு அனுப்ப என்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு விஷயம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இராதாகிருஷ்ணன் என்று ஒரு கிளார்க். அவர் தங்கை சந்திரகலா லட்சணமான பெண். நீ "ம்" என்று எழுதினால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

உன் அக்காள்
இராஜம்மா


கோபே
3 செப்டம்பர் 1933

மிகுந்த அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். இருமல் நின்றுவிட்டது. கிளை மானேஜர் என்று எழுதியிருந்ததைப் படித்து நடுத்தெருவில் சிரித்தேன். போலீஸ்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

அந்தச் சிவப்புப் பூவைப் பற்றிக் கேட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதை நெய்தவர் மொரிதா என்கிற பெரியவர். ஒசாக்காவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், வீட்டுக்குப் பின்னால் தறிக்கொட்டகை வைத்திருக்கிறார். வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். பேச வேண்டுமென்றால் காதருகே கத்த வேண்டும். அவர் போடுகிற துணியில் பெரும்பங்கு நம் மலாயாவுக்குத்தான் வருகிறது. "கிள்ளான் என்பது ஒசாக்கா அளவு பெரிய ஊரா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு கடைத்தெரு என்றேன். நம்பவில்லை.

பூவை வரைந்தவர் அவருடைய மகள் ஹருகோ. உங்கள் ஊர்ப் பெண்கள் என்ன பூ வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். செம்பருத்தியைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டினேன். நான் கீறியது முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. அவர் கையில் அது பூவாகிவிட்டது.

இங்கே வியாபாரிகள் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறார்கள். ஜப்பான் துணியால் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன என்று இங்கிலீஷ்காரர்கள் கோபமாக இருக்கிறார்களாம். இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசப்போகிறார்களாம். பேசட்டும். மாரியாயிக்கு நாலு முழம் துணி வேண்டும் என்பதில் அவர்களுக்கு என்ன சண்டை இருக்க முடியும்?

பெண் பார்க்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அக்கா. காரணம் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி
இராமலிங்கம்


கிள்ளான்
24 ஜூன் 1934

தம்பி இராமலிங்கத்துக்கு,

ஆசீர்வாதம். தந்தி அடித்தேனே, கிடைத்திருக்கும். விவரத்தை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை.

ஜப்பான் துணிக்குக் கோட்டா போட்டுவிட்டார்கள். இனி வருஷத்துக்கு இவ்வளவுதான் உள்ளே வரலாம் என்று ஓர் அளவு. அந்த அளவையும் பழைய நாளிலிருந்து இறக்குமதி செய்கிற கம்பெனிகளுக்குத்தான் பங்கு பிரிக்கிறார்கள். நம் பொதிகள் துறைமுகக் கிடங்கில் கிடக்கின்றன. தொடக் கூடாது என்றுவிட்டார்கள்.

கோலாலம்பூர் சர்க்கார் ஆபீசுக்கு ரயில் ஏறிப் போனேன். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே, அந்தப் பிரிக்பீல்ட்ஸ் இராதாகிருஷ்ணனையே கூட்டிக்கொண்டேன். நல்ல மனிதர், லீவு போட்டு வந்தார். காலையிலிருந்து பெஞ்சில் உட்காரவைத்து, சாப்பாட்டு வேளை தாண்டித்தான் கூப்பிட்டார்கள். துரை கோபக்காரர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். எப்போதிலிருந்து வியாபாரம் என்று கேட்டார். சொன்னோம். நெற்றியைத் தடவிக்கொண்டு என்னவோ சொன்னார்.

"நாம ரொம்ப லேட்டா ஆரம்பிச்சிட்டோமாம்க்கா. நமக்குப் பங்கு கெடையாதாம்" என்றார் இராதாகிருஷ்ணன்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேளுங்க."

கேட்டார். துரை கையை விரித்தார். "தப்பு உங்க மேல இல்லையாம். இது அவங்க சர்க்காருக்கும் ஜப்பான்காரனுக்கும் உள்ள வெவகாரமாம்."

"அப்ப ஜப்பான்காரன் வந்து இந்த நாக்காலியில உக்காரட்டும். நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

இராதாகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். "இதை நான் இங்கிலீஷ்ல சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு" என்றார்.

எழுந்து வந்துவிட்டோம். ரயிலில் வரும்போது எனக்கு அழுகைகூட வரவில்லை. தம்பி, கிடங்கில் இருக்கிற துணியை என்ன செய்ய? அலமாரிகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. துணிக்கடையில் காலி அலமாரியைப் பார்க்கிற வாடிக்கைக்காரி மறுபடி வர மாட்டாள். நீ கெட்டிக்காரன், ஏதாவது வழி சொல்.

அக்காள்
இராஜம்மா


கோபே
19 ஆகஸ்ட் 1934

அக்காவுக்கு,

கிடங்கில் இருப்பதைக் கோட்டா வைத்திருக்கிற எந்தக் கம்பெனிக்காவது கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. துணியை வேறு நாட்டுக்கு அனுப்பி, முத்திரையை மாற்றி உள்ளே கொண்டுவரலாம் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். பிடிபட்டால் கம்பி எண்ணப்போவது நீங்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மொரிதா பெரியவரின் தறிகளில் பாதி நின்றுவிட்டது. போன வாரம் போனேன். அந்த வீட்டில் முதல் தடவையாகச் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டோம். அவர் என்மேல் வருத்தப்படவில்லை. "கிள்ளான் பெரிய ஊராக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இங்கே ஓர் இந்திய வியாபாரியிடம் வேலை கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குச் சாமான் அனுப்புகிற கம்பெனி. மாதம் தவறாமல் உங்களுக்கு அனுப்புவேன்.

அக்கா, தள்ளி வைத்த காரணத்தை இப்போது எழுதுகிறேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது மூன்றாவது தாள். ஹருகோவை நான் கல்யாணம் செய்துகொண்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதை மீற எனக்குத் தைரியம் வராது என்பதால் கேட்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தம்பி
இராமலிங்கம்


கிள்ளான்
10 மார்ச் 1935

இராமலிங்கத்துக்கு,

நீ எழுதின எல்லாக் கடிதமும் வந்தது. பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். இந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சந்திரகலாவை செமினிப் பக்கம் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பினேன்.

நேற்று மாரியாயி வந்தாள். மகள் பெரியவளாகிவிட்டாளாம். தண்ணீர் ஊற்றிப் புதுத்துணி கட்ட வேண்டும். பூச் சீட்டி இருக்கிறதா என்றாள். இல்லை என்று மான்செஸ்டர் துணியை எடுத்துப் போட்டேன். விலையைக் கேட்டதும் மடியை அவிழ்க்கவே இல்லை. "ஏன்க்கா, போன வருசம் ஒன்கிட்ட பாதி வெலைக்குத் தானே வாங்கினேன்? நீயும் இப்படி ஆயிட்டியா?" என்றாள். நான் என்னவென்று சொல்வேன்? லண்டன் என்பேனா, கோட்டா என்பேனா? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இராஜம்மா விலையை ஏற்றிவிட்டாள் என்பதுதான். கடைசியில் ஜாக்கெட்டுக்கு மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு, பெண்ணுக்குத் தன் கல்யாணச் சேலையையே கட்டிவிடுவதாகச் சொல்லிப் போனாள்.

அவள் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று தெரிந்தது. எனக்கு இதைச் சொல்லிக்கொள்ள உலகத்தில் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண் உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறாளா? அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அவள் பாஷையில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.

அக்காள்
இராஜம்மா


கோபே
22 நவம்பர் 1936

என் அருமை அக்காவுக்கு,

நீங்கள் அத்தையாகிவிட்டீர்கள். பெண் குழந்தை. தாயும் குழந்தையும் நலம். உமா என்று பெயர் வைப்போம் என்றேன். ஹருகோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஊர்ப் பாஷையில் உமா என்றால் குதிரையாம். ஆகையால் ஹனா என்று வைத்தோம். பூ என்று அர்த்தம். நீங்கள் புஷ்பம் என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறம் என்னுடையது. தலைமுடி உங்களுடையது, இப்போதே சீப்புக்கு அடங்கவில்லை.

மற்ற செய்தி எதுவும் நன்றாக இல்லை. மாமனார் மீதித் தறிகளையும் விற்றுவிட்டார். நெய்கிறவன் யாரும் வாங்கவில்லை. பழைய இரும்புக்குப் போயிற்று. சர்க்கார் எங்கே பார்த்தாலும் இரும்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது பெரியவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஹருகோவின் தம்பி கென்ஜியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தறி ஓடியிருந்தால் அவன் தறிக்காரன். மென்மையான பையன், பூச்சியைக் கண்டால் ஒதுங்கி நடப்பான்.

அக்கா, எனக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் போல இருக்கிறது. மூன்று பேரும் வருகிறோம். கடையில் துணி இல்லாவிட்டால் என்ன, தையல் மிஷின் போடலாம், ஹருகோ தைப்பாள். "அக்கா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். "அக்க்கா" என்று ஒரு "க்" கூடவே போடுகிறாள்.

தம்பி
இராமலிங்கம்


கிள்ளான்
3 ஜனவரி 1937

தம்பிக்கு,

வா. மூன்று பேரும் வாருங்கள். கடிதம் வந்த அன்றே கடைக்கு மேல் இருக்கிற அறையைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். ஊரார் பேசுவார்கள். நாலு நாள் பேசிவிட்டு நிறுத்துவார்கள். புஷ்பத்துக்குத் தொட்டில் ஆ லியோங் தவுக்கே கடனாகத் தருகிறார். "தம்பி பெண்டாட்டியா? ஜப்பான்காரியா? காப்பி குடிப்பாளா, தேத்தண்ணியா, கேட்டு எழுது லா" என்கிறார்.

மாமனார் மனசு உடைந்திருக்கிறார், அவரைத் தேற்றிவிட்டு வர வேண்டும் என்று சாக்கு எதுவும் சொல்லாதே. சீக்கிரம் வா.

அக்காள்
இராஜம்மா


கிள்ளான்
14 நவம்பர் 1937

தம்பி இராமலிங்கத்துக்கு,

நீ மாமனாரைத் தேற்றிவிட்டு, தையில் புறப்படுவதாக எழுதியிருந்தாய். புறப்படாதே. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

சீனத்தில் சண்டை தொடங்கியதிலிருந்து இங்கே எதுவும் பழைய மாதிரி இல்லை. ஜப்பான் சாமானைச் சீனர்கள் தொட மாட்டார்கள். கப்பலிலிருந்து இறக்குகிற கூலிகள் இறக்க மாட்டார்கள், லோரிக்காரர் ஏற்ற மாட்டார். விற்கிற கடைக்காரரை அடிக்கிறார்கள், சொந்த ஜாதியாரையே. ஜப்பான்காரர் போட்டோ கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

என்னிடம் இருந்தது பழைய சீட்டியில் மிஞ்சின சில துண்டுகள்தான். போன செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறக்க வந்தால், கதவு முழுக்கத் தார். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் நிற்க முடியாத நாற்றம். யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆ லியோங் வாளியில் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து, என் கூடவே நின்று துடைத்தார். பாதி துடைத்த பிறகு, "ராஜம்மா, இருக்கிற துணியை எரிச்சிடு. எனக்காகச் செய்" என்றார். சரி என்றேன்.

அவருடைய தம்பி சாங்காயில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்க்கிறான், உனக்குத் தெரியுமே, ஒரு தடவை வந்திருந்தான். ஆகஸ்டிலிருந்து சேதி இல்லை. ஆலை இருந்த பக்கம் குண்டு விழுந்து எல்லாம் எரிந்ததாம்.

உன் மைத்துனன் கென்ஜி சாங்காயில் இறங்கினான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆ லியோங் பக்கத்தில் நின்று தார் துடைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது வராதே. எப்போது என்று நான் எழுதுகிறேன்.

அக்காள்
இராஜம்மா


கோபே
6 மார்ச் 1938

அக்காவுக்கு,

கென்ஜி இறந்துவிட்டான். வெள்ளைத் துணி சுற்றின சின்னப் பெட்டியில் சாம்பலாக வந்தான். ஊரே தெருவில் நின்று வணங்கியது. மாமனார் அழக் கூடாதாம், பெருமைப்பட வேண்டுமாம். எல்லோரும் போன பிறகு தறிக்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை, வெறும் தரை.

ஆ லியோங்குக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஒன்றும் சொல்லாதீர்கள்.

என் வேலையும் போய்விட்டது. வெளிநாட்டுப் பணத்துக்குத் தட்டுப்பாடு, இறக்குமதிக்கு அனுமதி இல்லை, ஏற்றுமதிக்குச் சரக்கு இல்லை. முதலாளி கம்பெனியை மூடிக்கொண்டு பம்பாய்க்குக் கப்பல் ஏறிவிட்டார். நான் பிரிட்டிஷ் பிரஜை. அதனால் வாரத்துக்கு ஒருதரம் போலீஸ்காரர் வீட்டுக்கு வருகிறார். யாருக்கு எழுதுகிறாய், என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். தமிழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். ஹருகோவுக்கு அரிசி கொடுக்கும்போது கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஹனாவோடு விளையாட மற்றக் குழந்தைகளை விடுவதில்லை.

அக்கா, இங்கே நான் அந்நியன். அங்கே அவள் அந்நியப் பெண். குழந்தை இரண்டு இடத்திலும். ஆனாலும் அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். ஹருகோ வர வேண்டுமென்றால், மலாயாவில் உள்ள ஒருவர் அவளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று கப்பல் கம்பெனியில் சொல்கிறார்கள். போட்டு அனுப்புங்கள். கிள்ளானில் முடியாவிட்டால் வேறு எங்காவது, செலாயாங் பக்கம் ஏதாவது தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைக்காதா? அவளை வெளியே தெரியாமல் வைத்திருப்பேன். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தம்பி
இராமலிங்கம்


கிள்ளான்
29 மே 1938

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

நம் கடைக் கட்டடம் ஒரு சீன முதலாளியுடையது. அவர் ஏப்ரலில் வந்தார். கூட இளைஞர்கள் இரண்டு பேர். எனக்கு ஜப்பானில் ஆள் இருப்பதாகவும், அங்கிருந்து தபால் வருவதாகவும் பேச்சு அடிபடுகிறதாம். முதலாளி நல்ல விதமாகத்தான் பேசினார். "இத்தனை வருசமா இருக்கீங்க. போகச் சொல்ல எனக்கும் மனசு இல்ல. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதவுல ஒட்டிடுங்க, போதும்" என்றார். அந்தப் பையன்கள் தாளைத் தயாராகவே கொண்டுவந்திருந்தார்கள். சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் எழுதியிருந்தது. இந்தக் கடைக்கு ஜப்பானோடு எந்த வியாபாரமும் இல்லை, கடைக்காரிக்கு ஜப்பானில் உறவு யாரும் இல்லை.

நான் கையெழுத்துப் போட்டேன், தம்பி.

ஒரு வாரம் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். இப்போது அது கதவில் இருக்கிறது. கடை திறக்கும்போதும் மூடும்போதும் கண்ணில் படுகிறது.

இந்த மாதம் ஜப்பான் பட்டாளம் அமோயையும் பிடித்துவிட்டதாம். ஆ லியோங்கின் தாயார் அங்கேதான். அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார், யாரும் கேட்டால்தான் காப்பி போடுகிறார். உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எப்படி வைப்பேன்? அவள் தம்பி என்ன பாவம் செய்தான், இவர் தாயார் என்ன பாவம் செய்தாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என்னால் முடியாது.

நீ மட்டும் வருவதானால் வா. அவளும் குழந்தையும் அவள் அப்பாவிடம் கொஞ்ச காலம் இருக்கட்டும். இதை எழுதும்போதே நீ வர மாட்டாய் என்று தெரிகிறது. வந்தாலும் உன்னை நான் மதிக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம். ஜப்பான் தபால்தலையைப் பார்த்தால் தபால்காரரே உரக்கச் சொல்லிவிடுகிறார்.

என்னை மன்னி என்று எழுத எனக்கு வாய் இல்லை.

இராஜம்மா


கோபே
7 ஆகஸ்ட் 1938

அக்காவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான்.

நீங்கள் கையெழுத்துப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் இங்கே ஒன்றில் போட்டுவிட்டேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகனைத் தத்து எடுத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். எடுத்துக்கொண்டால் அந்த வீட்டுப் பெயர் நம் பெயராகிவிடும், இந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிடலாம். மாமனார் தாமாகக் கேட்கவில்லை. ஹனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வரும், அன்றைக்கு அவளை யாரும் தள்ளி உட்கார வைக்கக் கூடாது என்று நானேதான் கேட்டேன். போலீஸ்காரர் இப்போது வருவதில்லை. ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. மாமனார் ஊருக்கே குடி போகிறோம். புதுப் பெயரையும் விலாசத்தையும் அவர்கள் எழுத்தில் இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன், ஏதாவது அவசரம் என்றால் தெரிந்திருக்கட்டும்.

இராமலிங்கம் என்று இனி என்னை இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கேயும் கூப்பிட முடியாது. பரவாயில்லை அக்கா, பழகிவிடும்.

குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். நிறுத்திவிட்டேன். வெளியே போய்ப் பேசிவிடுகிறாள்.

உங்கள் தம்பி


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
22 அக்டோபர் 1939

என் தம்பி இராமலிங்கத்துக்கு,

இது நான் இந்த வருஷம் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது, உறை கசங்கித் திரும்பி வந்தது. அதன்மேல் சிவப்பு மையில் அந்த ஊர் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது.

கடை போய்விட்டது. தாள் ஒட்டிய பிறகும் ஒரு வருஷம்தான் ஓடியது. மான்செஸ்டர் துணி வாங்கத் தோட்டத்தில் ஆள் இல்லை, வேறு துணி விற்க எனக்கு வழி இல்லை. முதலாளி மே மாதம் வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். இப்போது இராதாகிருஷ்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். ரயில்வே வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன்.

கிள்ளானை விட்டு வந்த அன்று, ஆ லியோங் என் தையல் மிஷினை ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தம்பி செத்துவிட்டான் என்பது உறுதியாகிவிட்டது. தாயாரைப் பற்றி இன்னும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் மிஷினை இறக்கி வைத்துவிட்டு, "உன் தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார். நான் மிஷினின் கட்டை இறுக்கினேன்.

"கதவுல அந்தத் தாளை எதுக்கு ஒட்டினே?"

"உங்களுக்காகத்தான் தவுக்கே. உங்க மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான்."

"நான் கேக்கலையே லா" என்றார். "துணியை எரின்னு கேட்டேன். தம்பியை இல்லைன்னு சொல்லச் சொல்லிக் கேக்கலையே."

ரயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நாள் ராத்திரியும் நான் சரியாகத் தூங்கினதில்லை. அவருக்குப் பயந்து உன்னை வராதே என்றேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் கேட்கவில்லை.

போன வாரம் திரும்பி வந்த உறையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். சீனருக்கு அந்த எழுத்து ஓரளவு புரியும் என்று இராதாகிருஷ்ணன் சொன்னார். ஆ லியோங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இந்தப் பேருல இங்க ஆள் இல்லை" என்று போட்டிருக்கிறதாம். நீ முன்னமே எழுதியிருந்தாய், நான்தான் பழைய பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். என் கைக்கு வேறு பெயர் வரவில்லை.

உன் கடைசிக் கடிதத்தைக் காட்டினேன். அவர் புது உறையில் உன் புதுப் பெயரைப் பெரிதாக, நிதானமாக எழுதிக் கொடுத்தார். "இது மூணு மரம். இது வயக்காடு. அவ்வளவுதான் இந்தப் பேரு" என்று எனக்கு விரலால் காட்டினார். எழுதும்போது, தம்பியைப் பறிகொடுத்தவர் கையால் இதை எழுத வைக்கிறோமே என்று இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன். அவர் நிறுத்தவில்லை. காப்பிக்குக் காசும் வாங்கவில்லை.

ஐரோப்பாவிலும் சண்டை தொடங்கிவிட்டது. தபால் போகுமா என்று தபால் ஆபீஸில் கேட்டேன். "போட்டுப் பாருங்க" என்றார்கள். அங்கிருந்து ஆள் வர விடுவார்களா என்று இராதாகிருஷ்ணனைக் கேட்டேன். அவர் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வர முடியுமானால் மூன்று பேரும் வாருங்கள். கையெழுத்து எதில் வேண்டுமானாலும் போடுகிறேன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே தெற்கே நடந்தால் ரயில்வே குவாட்டர்ஸ். கடைசி வரிசை, பின்பக்கம், துணி உலர்த்துகிற கம்பி இருக்கும். அறை சின்னது. படுக்கிற இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

வர முடியாவிட்டால், கிடைத்தது என்று மட்டும் எழுது. உன் பெயர் எதுவானாலும் போட்டு எழுது.

உன் அக்காள்
இராஜம்மா